ஒற்றைக் கோடு

பசிக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார். இப்போதுதானே சாப்பிட்டீர்கள், அதற்குள் எப்படிப் பசிக்கும் என்றால் அதற்கும் ஆமாம் என்பார். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் வெயில் கொளுத்துகிறது என்றால் ஆமாம். பின்னால் இருப்பவர் நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்றால் திரும்பிப் பார்த்து அவருக்கும் ஓர் ஆமாம். யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது போல, கேள்வியோடு வந்தவருக்கு அவர் ஓர் ஆமாம் கொடுத்து அனுப்புவார். அவ்வளவுதான்.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். நான் பார்த்த வேலையின் முதல் விதி அது. திருவள்ளூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து ஆய்வுப் பிரிவில் இருந்தேன். புது மருந்து ஒன்று கடைக்கு வருவதற்கு முன், அந்த நோய் உள்ள சிலருக்கு அவர்கள் சம்மதத்தோடு கொடுத்துப் பார்ப்பார்கள். அப்படி வருகிறவர்களிடம் கேள்வி கேட்டு, பதிலை எழுதி, ஸ்கேன் படங்களோடு சேர்த்து அனுப்புவது என் வேலை. அனுப்பும் தாளில் பெயர் இருக்காது, எண்தான். அவர் ஊர் கும்மிடிப்பூண்டி. ஆந்திராவிலிருந்து அங்கே வரும் லாரிக்காரர்கள் அவரை நைனா என்று கூப்பிட்டார்கள். அவரும் எல்லோரையும் நைனா என்பார். என்னை மட்டும் சார் என்றார். என் அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனால் கையில் பேனா வைத்திருப்பவன் எவனாக இருந்தாலும் அவருக்கு சார்தான்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர். ஏதாவது அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்டாலும், காதில் விழுந்ததோ இல்லையோ, "ஆமாங்க சார்" என்பார். பக்கத்தில் நிற்கும் எனக்குக் கூசும். அதே ஆமாம் எனக்கே கிடைக்க ஆரம்பித்தபோது அது வேறு மாதிரித் தெரிந்தது.

அவருக்கு வந்திருந்தது நுரையீரலில் தழும்பு விழும் நோய். புண் ஆறிய தோல் போல உள்ளே இழை இழையாகத் தடித்து இறுகிப்போகும். மூச்சு உள்ளே போகும், போய்ப் பயனிருக்காது. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், பள்ளிப் பையின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிக்கிற சத்தம் கேட்கும். எங்கள் டாக்டரம்மா ஒருநாள் என்னையும் கேட்கச் சொன்னார். நான் கேட்டு முடிக்கும் வரை அவர் இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். நான் எடுத்ததும் இருமித் தீர்த்துவிட்டு, "நல்லா கேட்டுச்சா சார்?" என்றார்.

இந்தத் தழும்பில் பல வகை உண்டு. எங்கள் ஆய்வு காரணம் தெரியாமல் வருகிற வகைக்கு மட்டும். கல்தூசி, பூஞ்சை, பறவை எச்சம் என்று ஒரு காரணம் இருந்துவிட்டால் அது வேறு நோய்; முதல் வைத்தியமே ஆளை அந்த இடத்தை விட்டு விலக்குவதுதான். படத்தில் சில சமயம் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். அதனால் எங்கள் டாக்டரம்மா சொன்னால் மட்டும் போதாது. வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு குழு, படத்தையும் நான் நிரப்பிய கேள்வித்தாளையும் பார்த்து, இது அதுதான் என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் சேர்க்கலாம். சேர்த்தாலும் அவருக்குக் கிடைப்பது மருந்தா, மருந்து போலவே இருக்கும் வெறும் மாத்திரையா என்பது எங்களுக்கே தெரியாது. ஆனாலும் இந்த நோய்க்கென்று கடையில் கிடைக்கிற மாத்திரை அவர் வயிற்றைப் புரட்டி எடுத்து நிறுத்தியாகிவிட்டது. இதைவிட்டால் அவருக்கு வேறு வாசல் இல்லை என்று நான் நம்பினேன். அவரைச் சேர்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வெறியே இருந்தது.

சம்மதப் படிவத்தை வாசித்த நாள் நினைவிருக்கிறது. இருபது பக்கத்துக்கு மேல். முதல் பக்கம் முடிவதற்குள் "சரி சார், எங்க கையெயுத்து?" என்றார். முழுவதும் கேட்ட பிறகுதான் போடலாம் என்றேன். வரிக்கு வரி தலையாட்டினார். மருந்தால் கெடுதல் வரலாம் என்ற இடத்தில் இன்னும் வேகமாக ஆட்டினார். கடைசியில், புரிந்ததை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது விதி.

"இன்னா புரிஞ்சுதுன்னு சொல்லுங்கய்யா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். நான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

அவர் வேலை பார்த்த கதையை அந்த அம்மாதான் சொன்னார், ஒருநாள் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது. சிப்காட்டில் ஓடுகிற தொழிற்சாலை ஒன்றில் அவர் கேட் வாட்ச்மேனாக இருந்திருக்கிறார். வருகிறவனை நிறுத்தி, போகாதே என்று சொல்வதற்குத்தான் வாட்ச்மேன். இவர் போய் அங்கே உட்கார்ந்தால்?

"சீட்டு இல்லாத லாரிய உள்ள உடக்கூடாது சார். இந்தாளு, 'சரி நைனா, போ, நாளைக்கு எட்தா'ன்னு உட்ருவாரு. ஐஸ் விக்கறவன் உள்ள பூந்துட்டான். கோயில் நோட்டீஸ் குடுக்கறவன் உள்ள. ஒருநாளு நாலு எருமமாடு உள்ள. எரும இவராண்ட பர்மிசன் கேட்டுச்சாம், இவரு சரின்னாராம்."

அவரும் சேர்ந்து சிரித்தார். "ஆமா சார்," என்றார்.

சூப்பர்வைசருக்கு அவரை வேலையை விட்டு அனுப்ப மனமில்லை. மூடிக் கிடக்கும் ஓர் இரும்பு ஆலைக்கு மாற்றிவிட்டார். யாரும் வராத கேட். யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போய்ப் பல வருடம் ஆகிறதாம். நான் கேள்வித்தாளில் வேலை என்ற இடத்தில் வாட்ச்மேன், மூடிய ஆலை என்று எழுதி, தூசி இல்லை என்று நானே ஒரு குறி போட்டுக்கொண்டேன். ஆலை ஓடவில்லை, அப்புறம் ஏது தூசி?

அடுத்து வீடு, பழக்கவழக்கம் பற்றிய கேள்விகள். காரணம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று காட்டுவதற்கான பட்டியல். ஒவ்வொன்றுக்கும் இல்லை வந்தால்தான் ஆய்வுக்கு நல்லது. அதை நான் அவரிடம் சொல்லக் கூடாது.

வீட்டில் ஏர்கூலர் உண்டா என்றேன். ஆமாம் என்றார். சுவரில் பூஞ்சை? ஆமாம். வைக்கோலில் வேலை? ஆமாம். இறகு அடைத்த தலையணை? அதற்கும் ஆமாம். எழுதிக்கொண்டே வந்தேன். புறா, கிளி ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டபோது மட்டும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புறா கீது சார். நெறய கீது."

எத்தனை என்றேன்.

"எண்ண முடியாது சார்."

எழுதினேன். அடுத்தது, ஊதுகிற வாத்தியம் ஏதாவது வாசிப்பதுண்டா என்ற கேள்வி. கிளாரினெட், நாதஸ்வரம் மாதிரி. குழலுக்குள் படியும் பூஞ்சையும் ஒரு காரணமாகலாம் என்பதால் அதைக் கேட்பார்கள். "ஊதுவேன் சார்," என்றார். என்ன ஊதுவீர்கள் என்று கேட்டதும் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா ஊதுவ நீ? என்னிக்காவது அடுப்ப ஊதிக் குட்த்துகீறியா?" என்று அவரைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "சார், இந்தாளு வாயில இல்லன்ற வார்த்தயே வராது சார். எங்க ஊட்ல ஏர்கூலர் ஏது? புறா ஏது? கோழிகூட கெடயாது. நீங்க பாட்டுக்கு எயுதிக்கினே போறீங்க."

எங்கள் வேலையில் எழுதியதை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழித்து வேறு எழுதக் கூடாது. தவறான பதிலின் மேல் ஒரே ஒரு கோடு. அதற்கு அடியில் முதலில் எழுதியது யாருக்கும் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான பதில், என் சுருக்கொப்பம், தேதி. நான் ஸ்கேலை வைத்து வரிசையாக அடித்துக்கொண்டு வந்தேன். ஏர்கூலர். பூஞ்சை. வைக்கோல். தலையணை. புறாவுக்கு வந்தபோது அவர் மேசை மேல் கையை வைத்து, "சார், அது வந்து…" என்றார்.

"நீ சும்மா இரு," என்றார் அந்த அம்மா. "சார் எயுதட்டும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரி சார்," என்றார். நான் கோடு போட்டேன். நேர்த்தியான கோடு.

சில வாரம் கழித்துக் குழுவிடமிருந்து கேள்வி வந்தது. பறவைத் தொடர்பு பற்றி முதலில் ஆம் என்றும் பின்பு இல்லை என்றும் இருக்கிறது, விளக்கம் தேவை. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். ஆடி மாதம் என்பது மறந்துபோயிற்று. பெரியபாளையத்தில் கூட்டம் தாண்டவே ஒரு மணி நேரம் பேருந்து நகரவில்லை. வேப்பிலையும் பொங்கல் பானையுமாக ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. இதே வழியில்தான் இரண்டு வாரம் முன்பு அவர் மருத்துவமனைக்கு வந்திருந்தார். யாரோ ஒரு பெண் இடம் கேட்டாள் என்று எழுந்து கொடுத்துவிட்டு, திருவள்ளூர் வரை நின்றுகொண்டே வந்திருக்கிறார். உள்ளே வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னய்யா இது என்றால், "காத்தோட்டமா நல்லாத்தான் இருந்துச்சு சார்," என்றார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒண்டுக் குடித்தனம், ஓர் அறை. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தேன், துணி காய்ந்தது. பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். புறா கிடையாது, கூண்டு கிடையாது. அந்த அம்மா சொன்னது சரி. திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, நல்லா யோசிச்சு சொல்லுங்கய்யா, எல்லாம் இதுலதான் நிக்குது என்றேன். பிறகு கேட்டேன்.

"புறா இல்லதானே?"

அவர் என் முகத்தையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தேன். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதை அவர் படித்திருக்க வேண்டும்.

"இல்ல சார்."

"பார்ரா, சொல்லிட்டாருடா!" என்று அந்த அம்மா கைதட்டினார். எனக்குக் கண் கலங்கியது. முதல் எழுத்தைத் தானாக எழுதிவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தேன். நேரில் வீட்டைப் பார்வையிட்டேன், பறவைகள் இல்லை, நோயாளி உறுதிசெய்தார் என்று எங்கள் கோப்புக்கு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். நிதானமாக, எழுத்துக் கூட்டி, தன் முழுப் பெயரையும் போட்டார்.

குழுவின் பதில் ஒரே வரி. நோயை உறுதி செய்ய இயலவில்லை. படத்தில் அங்கங்கே காற்று சிக்கி நிற்கும் திட்டுகள் இருக்கின்றன, காரணம் ஏதோ இருக்கக் கூடும் என்று சின்னதாக ஒரு குறிப்பு. எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மனிதரைப் பார்க்காமல், அந்த மொட்டை மாடியில் ஏறாமல், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்லலாம்? டாக்டரம்மா படத்தை விளக்கில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "அவங்க சொல்றது தப்பில்லப்பா. எங்கயோ ஏதோ இருக்கு. நாமதான் பாக்கல," என்றார்.

சேர்க்க முடியாது என்பதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றார் அந்த அம்மா. வழி கேட்டு, சிப்காட்டின் கடைசிச் சாலையில் அந்த மூடிய ஆலைக்கு நடந்தேன். கேட் திறந்தே கிடந்தது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது. கூரைக்கு அடியில் யாரோ பலபேர் வாய்க்குள் முணுமுணுப்பது போல. உள்ளே போய் நிமிர்ந்தேன். இரும்புச் சட்டங்கள் நெடுக, ஓட்டை விழுந்த தகரத்தின் விளிம்பெல்லாம், பழைய கிரேனின் கொக்கி மேல் வரை, புறா. எண்ண முடியாது. தரை வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது. அவர் ஈர்க்குமாற்றால் அந்த எச்சத்தைச் சுரண்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். கூரை ஓட்டையில் விழுந்த வெயிலில் தூள் எழும்பி அவர் தலைக்கு மேல் நின்றது. துண்டு கழுத்தில் இருந்தது. மூக்கில் இல்லை.

என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தத் துண்டாலேயே தட்டினார். அதிலிருந்தும் தூள் பறந்தது.

இதையெல்லாம் நீங்கள் ஏன் பெருக்குகிறீர்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் கேட்டாராம். முதலாளி என்றைக்காவது வந்து பார்த்தால் சுத்தமாக இருக்க வேண்டும் என்றாராம். எவ்வளவு நாளாக? இந்த கேட்டுக்கு வந்த நாளிலிருந்து, தினமும். முதலாளி வந்தாரா? ஒருமுறைகூட வரவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா."

"சொன்னேனே சார். நெறய கீதுன்னு."

அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க கோடு போட்டு அட்ச்சிட்டீங்க. பட்ச்சவங்க, இன்னாவோ காரணம் இருக்கும்னு உட்டுட்டேன். அப்பால நீங்களே ஊட்டுக்கு வந்து இல்லதானேன்னு கேட்டீங்க. சரி, இல்லன்னாதான் உங்களுக்கு ஆவும்னு…" அதற்கு மேல் மூச்சு வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதே அவரை வெளியே கூட்டிவந்தேன். அடுத்த நாள் டாக்டரம்மா வேறு மருந்து தொடங்கினார். இனி அந்த இடத்தில் காலை வைக்கக் கூடாது, வைத்தால் எந்த மருந்தும் நிற்காது என்று விரலை நீட்டிச் சொன்னார். சரிம்மா என்றார் அவர். நான் தனியாக வெளியே நிறுத்திச் சொன்னேன். அதற்கும் சரி என்றார். சூப்பர்வைசருக்கு நானே பேசினேன். சரி தம்பி, வேறு ஆள் போடுகிறேன் என்று அவரும் சொன்னார். வேறு ஆள் கிடைக்கும் வரை இன்னும் நாலு நாள் வா என்று அவரையும் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலு நாள் முடிந்ததும் இன்னும் நாலு நாள். அவரிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கேள்வித்தாளில் இல்லை என்பதன் மேல் கோடு போட்டு, மறுபடி ஆம் என்று எழுதினேன். என் சுருக்கொப்பம், தேதி. குழுவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் கோப்பில் இருக்கிறது. ஆம், இல்லை, ஆம். மூன்றையும் படிக்கலாம்.

அந்தத் தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். முதலிலேயே விலகியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூடியவர் அவர். அதிலும் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை அவருக்குப் போன் செய்ததுதான் கடைசி. வாரம் ஒருமுறை மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்பது வழக்கம். சாப்பிடுகிறேன் என்றார். குரல் சொல்லுக்குச் சொல் நின்று நின்று வந்தது.

"வேலைக்குப் போறதில்லதானேய்யா?"

"இல்ல நைனா."

என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். வீட்டில்தான் இருக்கிறேன் என்றும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள், போனில் அவருக்குப் பின்னால் படபடவென்று ஒரு பெரிய சத்தம் எழுந்தது. நூறு சிறகாவது ஒன்றாக அடித்திருக்கும். பிறகு கூரைக்கடியில் அந்த முணுமுணுப்பு மெல்லத் திரும்பி வந்து படிந்தது. எனக்கு அது கேட்டது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"நாஷ்டா ஆச்சா நைனா?" என்று கேட்டார்.

நான் அன்று இன்னும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஆச்சுங்கய்யா," என்றேன்.